சேலத்தில் ரேஷன் அட்டை: ஒரு லட்சம் வருமான வரம்பு எங்கே இடிக்கும், எங்கே இடிக்காது

"வருசத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல சம்பாதிச்சா ரேஷன் அரிசி கிடையாதாமே?" அம்மாபேட்டையில் தறி ஓட்டுபவரும் கேட்கிறார், ஏற்காட்டில் காப்பி பறிப்பவரும் கேட்கிறார். அரிசி உண்டு. தமிழ்நாட்டில் வருமானத்தைக் காட்டி அரிசியை நிறுத்துவதில்லை. வருமானம் மாற்றுவது அட்டையின் வகையை. அந்த வகை சில வீடுகளுக்கு மாதம் பத்துக் கிலோ வித்தியாசம், பல வீடுகளுக்கு ஒரு கிலோகூட வித்தியாசமில்லை. உங்கள் வீடு எதில் சேரும் என்று தெரியாமல் வருமானச் சான்றுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைவதுதான் வீண் செலவு. கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள்.

1. அட்டையில் உள்ள எழுத்தைப் படியுங்கள்

ஸ்மார்ட் கார்டின் முன்பக்கம், குடும்பத் தலைவர் படத்துக்குக் கீழே ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். மொத்தம் ஐந்து வகை.

பி.எச்.எச். என்றால் முன்னுரிமை அட்டை. பி.எச்.எச். – ஏ.ஏ.ஒய். என்றால் அந்தியோதயா; வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் மாதம் 35 கிலோ அரிசி. என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமை இல்லாத அட்டை, ஆனால் அரிசி உண்டு. என்.பி.எச்.எச். – எஸ் சர்க்கரை அட்டை. அரிசி கிடையாது, அதற்குப் பதில் கூடுதல் சர்க்கரை. என்.பி.எச்.எச். – என்.சி. எந்தப் பொருளும் இல்லாத அட்டை, முகவரிச் சான்றாக மட்டும் பயன்படும்.

என்.பி.எச்.எச். என்று பார்த்ததும் "நம்மைப் பணக்காரன் ஆக்கிவிட்டார்கள்" என்று பதறுபவர்கள் அதிகம். பதற வேண்டாம். இந்த அட்டைக்கும் அரிசி இலவசம்தான்; துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய், சர்க்கரை 25 ரூபாய் என்ற விலையும் முன்னுரிமை அட்டைக்கு உள்ளதேதான். அந்தியோதயாவுக்கு மட்டும் சர்க்கரை 13 ரூபாய் 50 காசு.

2. வித்தியாசம் எத்தனை கிலோ?

ஒருவர் மட்டும் உள்ள அட்டைக்கு 12 கிலோ, இருவருக்கு 16, மூவர் அல்லது நால்வருக்கு 20. இதுவரை முன்னுரிமைக்கும் முன்னுரிமை இல்லாததற்கும் ஒரே அளவு. ஐந்தாவது ஆள் வந்த பிறகுதான் பிரிகிறது. முன்னுரிமை அட்டையில் தலைக்கு 5 கிலோ என்று ஏறிக்கொண்டே போகும். ஆறு பேருக்கு 30 கிலோ. முன்னுரிமை இல்லாத அட்டை 20 கிலோவோடு நின்றுவிடும்.

ஆகவே நாலு பேருக்குள் உள்ள வீடு, வெளிமாநிலம் போய் வேலை பார்க்கும் எண்ணமும் இல்லை என்றால், வகை மாற்றத்துக்கு மனு போடுவதில் அரிசிக் கணக்கில் லாபம் ஒன்றும் இல்லை. ஐந்து பேரோ அதற்கு மேலோ என்றால் மனு போடுவது நியாயம்.

வெளிமாநிலம் என்றேனே, அது ஏன் என்றால் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' ஏற்பாடு மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் அட்டைகளுக்கு மட்டும். முன்னுரிமை அட்டை வைத்திருப்பவர் பெங்களூரு கட்டட வேலைக்குப் போனால் அங்கே தன் பங்கை வாங்கலாம். என்.பி.எச்.எச். அட்டையை அங்கே நீட்டினால் இயந்திரம் ஏற்காது. தமிழ்நாட்டுக்குள் என்றால் இரண்டு அட்டையும் எந்தக் கடையிலும் செல்லும்.

3. வருமானத்தோடு சேர்த்துப் பார்க்கும் மற்ற நிபந்தனைகள்

2017-இல் வந்த தமிழ்நாடு உணவுப் பாதுகாப்பு விதிகளில் முன்னுரிமைப் பட்டியலில் யாரைச் சேர்க்கக்கூடாது என்று எழுதியிருக்கிறது. எல்லா வழியிலும் சேர்த்துக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்கு மேல் என்பது அதில் ஒன்று. மற்றவை:

வீட்டில் ஒருவராவது வருமான வரி கட்டுபவர், அல்லது தொழில் வரி கட்டுபவர். மத்திய, மாநில அரசு, உள்ளாட்சி ஊழியர் அல்லது ஓய்வு பெற்றவர். ஐந்து ஏக்கருக்கு மேல் நிலம். சொந்த உபயோகத்துக்கு நான்கு சக்கர வண்டி. ஏசி. மூன்று அறைக்குக் குறையாத கான்கிரீட் வீடு. பதிவு செய்து நடத்தும் தொழில் நிறுவனம்.

இதில் ஒன்று இருந்தாலே வெளியே. பலர் வருமானத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தொழில் வரியைக் கவனிப்பதில்லை. அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டினாலே தொழில் வரி வந்துவிடும்; அதாவது மாதம் 3,500. நாலு ரோட்டில் ஒரு துணிக்கடையில் மகள் 9,000 ரூபாய் சம்பளத்துக்கு நிற்கிறாள், சம்பளச் சீட்டில் 'பி.டி.' என்று ஒரு பிடித்தம் இருக்கிறது என்றால் அதுதான் தொழில் வரி. அந்தச் சீட்டு உங்களிடம் இருக்கும்போது "எங்கள் வீட்டில் யாரும் தொழில் வரி கட்டவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொரு குழப்பம் வரம்புத் தொகைகள். ரேஷன் முன்னுரிமைக்கு ஒரு லட்சம். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். மகளிர் உரிமைத் தொகைக்கு இரண்டரை லட்சம். "போன வருசம் உரிமைத் தொகைக்கு ஓகே ஆச்சு, அப்ப இதுக்கும் ஆகும்" என்று கணக்குப் போடக்கூடாது. மூன்றும் வேறு வேறு கதவு.

4. வீட்டு வருமானத்தை நீங்களே ஒரு தாளில் போடுங்கள்

ஒரு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,333 ரூபாய். கேட்கத் தாராளமாகத் தெரியும், போட்டுப் பார்த்தால் தெரியாது.

ஏற்காடு எஸ்டேட்டில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள், நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காப்பிப் பழம் பறிக்கும் நாலு மாதம், மாதம் 26 நாள்: ஒருவருக்கு 41,600. மீதி எட்டு மாதம், மழையும் பனியும் போகப் பத்து நாள்தான் வேலை என்றால் 32,000. ஒருவருக்கு 73,600, இருவருக்கு 1,47,200. வரம்பு தாண்டிவிட்டது. அதே வீட்டில் கணவர் இல்லாமல் அந்த அம்மா மட்டும் வேலைக்குப் போகிறார் என்றால் 73,600, வரம்புக்குள் வந்துவிடுகிறார். கிலோ கணக்கில் பறிப்புக் கூலி வாங்குபவர்கள் அறுவடை மாதத்தை மட்டும் எடுத்துப் பன்னிரண்டால் பெருக்கிவிடாதீர்கள். நல்ல மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் இல்லாத வருமானம் தாளில் ஏறிவிடும்.

சேலத்துப் பட்டறைகளுக்கு வருவோம். வெள்ளிக் கொலுசு வேலையும் விசைத்தறியும் வாரக் கூலி. வாரம் 3,000, ஆடி, தீபாவளி, பொங்கல் விடுமுறையும் வேலை இல்லாத வாரங்களும் போக 46 வாரம் என்றால் 1,38,000. ஒருவர் சம்பாத்தியமே வரம்பைத் தாண்டுகிறது. ஆனால் தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தை வருமானத்தில் சேர்க்காதீர்கள். அது கடன், வாரக் கூலியில் கழித்துக்கொள்வார்கள். கழித்த பிறகு கைக்கு வரும் தொகையை வருமானம் என்று எழுதுவதும் தப்பு. கூலி முழுதாக எவ்வளவோ அதுதான் வருமானம். தீபாவளி போனஸ் சேரும். வீட்டு மாடியை வாடகைக்கு விட்டிருந்தால் அதுவும் சேரும்.

யாருடைய வருமானம்? அட்டையில் பெயர் உள்ள எல்லோருடையதும். கல்யாணமாகித் தனியே போன மகன் பெயர் இன்னும் உங்கள் அட்டையில் இருந்தால் அவன் சம்பளமும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

இங்கேதான் அட்டையைப் பிரிக்கும் ஆசை வருகிறது. ஆறு பேர் உள்ள என்.பி.எச்.எச். அட்டைக்கு 20 கிலோ. நாலு, இரண்டு என்று பிரித்தால் 20-உம் 16-உம் ஆக 36 கிலோ. அதிகாரிகளுக்கும் இந்தக் கணக்குத் தெரியும். தனி வீடோ, ஒரே வீட்டில் தனிச் சமையலறையோ இருந்தால்தான் தனி அட்டை. ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு பிரிக்கப் போனால் விசாரணையில் நிற்காது.

5. வருமானச் சான்று: தேவைப்பட்டால் மட்டும்

புது அரிசி அட்டைக்கு விண்ணப்பிக்க வருமானச் சான்று பதிவேற்ற வேண்டியதில்லை. முன்னுரிமைக்கு மாற்றக் கேட்கும்போதுதான் அது கைகொடுக்கும்.

இ-சேவை மையத்தில் முதலில் 'கேன்' எண் போடுவார்கள். ஒரு முறை போட்டால் எல்லாச் சான்றுக்கும் அதே எண். பிறகு வருமானச் சான்றுக்கான விண்ணப்பம், கட்டணம் 60 ரூபாய். ஆதார், புகைப்படம், சுய உறுதிமொழி, சம்பளக்காரர் என்றால் சம்பளச் சீட்டு. ஆதாரோடு இணைந்த கைபேசியைக் கையில் எடுத்துப் போங்கள்; ஓ.டி.பி. வரும் போன் வீட்டில் கிடந்தால் அன்றைய கூலியும் போச்சு.

விண்ணப்பம் முதலில் கிராம நிர்வாக அலுவலருக்கும், பிறகு வருவாய் ஆய்வாளருக்கும், கடைசியில் தாலுகா அலுவலகத்துக்கும் போகும். வி.ஏ.ஓ.வைப் பார்க்கும்போது மேலே நீங்கள் போட்ட தாளையும் கொண்டு போங்கள். தாள் இல்லாவிட்டால் அவர் குத்துமதிப்பாக ஒரு தொகை எழுதுவார், அது ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று இருந்தால் பிறகு திருத்த முடியாது; புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

சான்று ஓராண்டுக்குச் செல்லும். அதே வருடம் பையனின் உதவித்தொகைக்கு 72,000 என்று ஒரு சான்று, வங்கிக் கடனுக்கு இரண்டு லட்சம் என்று இன்னொன்று வாங்காதீர்கள். இரண்டும் ஒரே கேன் எண்ணில் பதிவாகியிருக்கும். திரையில் இரண்டையும் பார்க்கும் அலுவலர் எதை நம்புவார் என்று உங்களுக்கே தெரியும்.

6. புது அட்டைக்கு விண்ணப்பம்

தமிழ்நாடு பொது விநியோகத் திட்டத்தின் டி.என்.பி.டி.எஸ். இணையதளத்தில் நீங்களே போடலாம், விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. இ-சேவை மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ போட்டால் அவர்கள் கூலி தனி.

வேண்டியவை: குடும்பத் தலைவர் படம் (பெரியவர்களில் ஒரு பெண்ணைத் தலைவராகப் போடுங்கள், பின்னால் பல திட்டங்களுக்கு அதுவே தேவைப்படுகிறது), எல்லோருடைய ஆதார், குடியிருப்புச் சான்று ஒன்று, எரிவாயு இணைப்பு இருந்தால் அதன் விவரம்.

விண்ணப்பத்தில் அட்டை வகை கேட்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். 'அரிசி அட்டை' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சர்க்கரை அட்டையோ பொருளில்லா அட்டையோ வருமானத்தைப் பார்த்து யாரும் உங்கள் தலையில் கட்டுவதில்லை; விண்ணப்பத்தில் போட்டதுதான் வரும். "நமக்குத்தான் வருமானம் ஜாஸ்தியே" என்று மையத்துக்காரரே சர்க்கரையைத் தட்டிவிட்ட கதைகள் உண்டு. சமர்ப்பிக்கும் முன் திரையை உங்கள் பக்கம் திருப்பிப் படித்துப் பாருங்கள்.

புதுமணத் தம்பதிகள் முதலில் இரண்டு பெற்றோர் அட்டையிலிருந்தும் பெயர் நீக்க வேண்டும். ஓர் ஆதார் ஓர் அட்டையில்தான் இருக்க முடியும். நீக்காமல் போட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். நீக்கலும் அதே இணையதளத்தில்தான். திருமணச் சான்று கையில் இருக்கட்டும். நீக்கிய பிறகு புது அட்டை வரும்வரை அந்த இருவர் பங்கு எந்தக் கடையிலும் வராது. ஐந்து பேருக்கு மேல் உள்ள முன்னுரிமை அட்டையிலிருந்து பிரிபவர்கள் இதை மனதில் வைத்து நீக்கிய அன்றே புது விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

குடியிருப்புச் சான்றில்தான் சேலத்தில் பாதி விண்ணப்பங்கள் சிக்குகின்றன. வாடகை வீடு என்றால் வாடகை ஒப்பந்தமும் வீட்டுக்காரர் பெயரில் உள்ள மின் கட்டண ரசீதும் வையுங்கள். அதே முகவரியில் வீட்டுக்காரர் அட்டை இருக்கிறது என்பது பிரச்சினை இல்லை. கதவு எண்ணை 12 என்று மட்டும் போடாமல் 12, முதல் மாடி என்று போடுங்கள். ஏற்காட்டில் எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவர்களுக்கு மின் ரசீது எஸ்டேட் பெயரில் இருக்கும். ஆதாரில் லைன் வீட்டு முகவரியை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்; எஸ்டேட் கடிதமும் வி.ஏ.ஓ. சான்றும் துணைக்கு இருந்தால் விசாரணை சுலபம். மஞ்சக்குட்டை, நாகலூர், வெள்ளக்கடைப் பக்கம் கதவு எண்ணே இல்லாத வீடுகளுக்கு ஊராட்சி வீட்டு வரி ரசீதுதான் உறுதியான சான்று.

7. விசாரணையும் காத்திருப்பும்

விண்ணப்பித்ததும் குறிப்பு எண் ஒன்று குறுஞ்செய்தியில் வரும். அதை அட்டையைப் போலவே பத்திரமாக வையுங்கள். வட்ட வழங்கல் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு ஆள் வருவார். அடுப்பு, சிலிண்டர், பாத்திரம் எல்லாம் கண்ணில் படும்படி இருக்கட்டும். வேலைக்குப் போய் வீடு பூட்டியிருந்தால் 'குடியிருப்பு இல்லை' என்று எழுதிவிட்டுப் போக வாய்ப்புண்டு. பக்கத்து வீட்டில் உங்கள் போன் எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

தேர்தல் நேரத்திலும் பெரிய திட்டங்களுக்குக் கணக்கெடுக்கும் நேரத்திலும் காத்திருப்பு நீளும். 2023-இல் மகளிர் உரிமைத் தொகை வேலையால் புது அட்டைகள் பல மாதம் நின்றன. குழந்தையின் பள்ளிச் சேர்க்கைக்கு அட்டை வேண்டும் என்றால் முந்தைய ஆண்டே போட்டுவிடுங்கள்.

8. முன்னுரிமைக்கு மாற்ற மனு

இதற்குத் தாலுகா வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்து மனு. சேலம் நகரில் சேலம், சேலம் மேற்கு, சேலம் தெற்கு என்று மூன்று தாலுகா. தப்பான வாசலில் நின்று பாதி நாளைத் தொலைக்காமல் உங்கள் தெரு எதில் வருகிறது என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஏற்காடு தனித் தாலுகா, மலை இறங்கத் தேவையில்லை.

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை தாலுகாதோறும் நடக்கும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமில் கொடுப்பது நல்லது. மனுவோடு அட்டை நகல், வருமானச் சான்று, வருமானக் கணக்குத் தாள். விதவை, மாற்றுத்திறனாளி, ஆதரவற்ற முதியவர் குடும்பத் தலைவராக இருந்தால் அந்தச் சான்றை மேலே வையுங்கள். வருமானச் சான்றைவிட அதற்கு எடை அதிகம். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வராதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் உடனே கிடைக்காமல் போகலாம். மத்தியச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் சுமார் 3 கோடியே 64 லட்சம் பேர்தான் முன்னுரிமை, அந்தியோதயா இரண்டிலும் சேர்த்து இருக்க முடியும். அந்தியோதயா அட்டை மட்டும் ஏறக்குறைய 18.6 லட்சம் என்று கட்டு. ஒரு பெயர் கழிந்தால்தான் இன்னொன்று ஏறும். சேர்வராயன் மலையில் பழங்குடிச் சாதிச் சான்று இருந்தால் தானாகவே 35 கிலோ அட்டை வரும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அதற்கும் தனி மனு, தனிப் பரிசீலனை.

சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றக் கேட்பதும் இதே அலுவலகத்தில்தான். அதற்கு வருமானக் கணக்கு வேண்டாம். பதில் வராவிட்டால் 1967 அல்லது 1800 425 5901. இரண்டும் கட்டணமில்லா எண்கள்.

9. அட்டை வந்த பிறகு: கைரேகை

முன்னுரிமை, அந்தியோதயா அட்டைகளில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் ரேஷன் கடை இயந்திரத்தில் கைரேகை வைத்து இ-கே.ஒய்.சி. என்ற ஆதார் சரிபார்ப்பை முடிக்க வேண்டும். ஒருவர் விட்டுப்போனால் அவர் பங்கு சிக்கலாகும். வெளியூரில் படிக்கும் பிள்ளை அங்கே பக்கத்துக் கடையிலேயே வைக்கலாம், ஊருக்கு வர வேண்டாம்.

கொலுசுக்குப் பற்றவைப்பவர்கள், காப்பி பறிப்பவர்கள், சாயப்பட்டறையில் கை நனைப்பவர்கள் விரல் ரேகை தேய்ந்து இயந்திரம் ஏற்காமல் போகும். பத்து விரலையும் வைத்துப் பாருங்கள், கட்டைவிரலோடு நின்றுவிடாதீர்கள். காலையில் வேலைக்குப் போகும் முன், கையைக் கழுவித் துடைத்து, லேசாகத் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தால் பெரும்பாலும் விழும். விழாவிட்டால் கருவிழிக் கருவி கேளுங்கள். அதுவும் ஒத்துவராதவர்கள் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்க வேண்டும்.

மலையில் பகுதி நேரக் கடைகள்தான் அதிகம். வாரத்தில் சில நாள் மட்டும் திறக்கும், மூடுபனி இறங்கினால் சிக்னலும் போய்விடும். கடை திறக்கும் கிழமையைக் கடைக்காரரிடம் கேட்டு அட்டையின் உறையிலேயே எழுதி வைத்துக்கொண்டு, அன்று முற்பகலிலேயே போய்விடுங்கள்.